மஞ்சளும் மில் தொழிலாளியின் விரலும்

(விம்கோ நகரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த இடத்தின் பெயரே ஒரு கம்பெனியின் பெயர். ஸ்வீடன் நாட்டு முதலாளிகள் 1923-இல் இந்தியாவில் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனிக்கு வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்று பெயர். அதைச் சுருக்கினால் விம்கோ. பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூரில் ஒரு பகுதிக்குத் தீக்குச்சி பெயர் வைத்துவிட்டது! தீக்குச்சிக்குப் பின் டயர் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, எண்ணூரில் லாரி வந்தது. காசிமேட்டில் படகும் வலையும் அதற்கு முன்பே இருந்தன. இத்தனை தொழிலும் மனிதக் கையால் நடப்பவை. கை இருக்கும் இடத்தில் காயமும் இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் தழும்பு இல்லாத கை எத்தனை என்று எண்ணச் சொன்னால், சின்னக் குழந்தைகளின் கைகளைத்தான் எண்ண வேண்டியிருக்கும். பட்டறையில் தகடு கிழிக்கிறது. மில்லில் பெல்ட்டும் பல்சக்கரமும் விரலைப் பிடிக்கின்றன. வயலில் அரிவாள் வெட்டுகிறது, வரப்பில் முள் ஏறுகிறது. மீன் செதிள் கீறிய இடம் உப்புத் தண்ணீரில் எரிகிறது. அடுப்படியில் எண்ணெய் தெறிக்கிறது; அதை யாரும் தொழில் விபத்து என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

காயம் பட்டவுடன் நாம் என்ன செய்கிறோம்? மஞ்சள் தூளை அப்புகிறோம். ரத்தம் நிற்கக் காபித்தூளை அழுத்துகிறோம். சுண்ணாம்பு தடவுகிறவர் உண்டு, புகையிலையை மென்று வைக்கிறவர் உண்டு. மூலையில் இருக்கும் சிலந்திக் கூட்டைப் பிய்த்து ஒட்டுகிறார்கள். பட்டறையில் கிரீஸ், படகில் மண்ணெண்ணெய். கிராமத்தில் கிணற்றடியில் முளைத்த வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிகிறார்கள். தீப்புண்ணுக்கு இட்லி மாவு, பற்பசை, தேன் என்று ஆளுக்கொன்று.

இவற்றைப் பற்றி இரண்டு விதமான பேர்வழிகள் பேசுகிறார்கள். ஒருவர், "எல்லாம் சித்தர்கள் சொன்னது, கேள்வி கேட்காதே" என்கிறார். அவர் வீட்டில் யாருக்கேனும் உடம்பு சரியில்லை என்றால் கார் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்பது வேறு விஷயம். இன்னொருவர், "எல்லாம் பாமரர்களின் மூடப்பழக்கம்" என்று கையை உதறுகிறார். அவர் முகத்துக்குப் பூசும் கிரீமின் டப்பாவில் மஞ்சள் படம் போட்டிருக்கிறது! இருவரும் சோதித்துப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறார்கள். சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறோம்.

அமெரிக்காவில் ஒரு மஞ்சள் வழக்கு

1995-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க சர்க்காரின் பேடெண்ட் அலுவலகம் ஓர் உரிமைப் பத்திரம் வழங்கியது. அதன் எண் 5,401,504. மிசிசிப்பி சர்வகலாசாலையின் மருத்துவ நிலையத்துக்கு அது கிடைத்தது. எதற்கு? காயத்தை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்துவதற்கு! புண்ணின் மேல் தூவினாலும் சரி, உள்ளுக்குக் கொடுத்தாலும் சரி, அந்த முறைக்கு அமெரிக்க மண்ணில் அவர்களே சொந்தக்காரர்கள். விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். இருவருமே அங்கு குடியேறிய இந்திய வம்சாவளியினர் என்பது இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பத்திரத்திலேயே மஞ்சள் இந்தியாவில் நெடுங்காலமாக வைத்தியத்துக்குப் பயன்படுகிறது என்று எழுதியிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய வேடிக்கை.

நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழு (சி.எஸ்.ஐ.ஆர். என்று சொல்கிறோமே, அதுதான்) மஷேல்கர் என்ற விஞ்ஞானியின் தலைமையில் 1996 அக்டோபரில் இதை எதிர்த்து மறுபரிசீலனை கேட்டது. இது தனியார் கம்பெனி அல்ல, மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஸ்தாபனம். மஞ்சள் காயத்துக்கு ஆகும் என்பது பழைய செய்தி என்று நிரூபிக்க 32 ஆதாரங்களைத் தேடி எடுத்தார்கள். சமஸ்கிருதத்தில், உருதுவில், இந்தியில் இருந்த ஏடுகள் அவற்றில் இருந்தன. சில நூறு ஆண்டைத் தாண்டியவை. 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் அச்சான ஒரு கட்டுரையும் இருந்தது. 1997-இல் அந்தப் பேடெண்டின் ஆறு கோரிக்கைகளும் தள்ளுபடியாயின.

சந்தோஷமான செய்திதான். ஈரோட்டு வயலில் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, காயவைக்கும் விவசாயத் தொழிலாளிக்குப் பெருமையான செய்திதான். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் ஆதாரம் காகிதம்! கோடிக்கணக்கான தாய்மார்கள் தினமும் செய்ததை அமெரிக்க அலுவலகம் சாட்சியாக ஏற்கவில்லை. அச்சில் வந்ததா, ஏட்டில் இருக்கிறதா என்றுதான் பார்த்தது. அதனால்தான் 2001-இலிருந்து ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களில் உள்ளவற்றைப் பல மொழிகளில் பெயர்த்து, அயல்நாட்டுப் பேடெண்ட் அலுவலகங்கள் பார்க்கும்படி ஒரு பெரிய களஞ்சியமாகச் சேர்த்து வருகிறார்கள். ஏட்டில் ஏறாத வைத்தியம் ஏராளம். மருத்துவச்சியும் இருளர் கிழவியும் எந்த நூலில் எழுதி வைத்தார்கள்?

இன்னொரு நுணுக்கம் இதைவிட முக்கியமானது. அந்த வழக்கில் தீர்ப்பானது ஒன்றே ஒன்று: மஞ்சள் வைத்தியம் *பழையது*. மஞ்சள் புண்ணை *ஆற்றுகிறது* என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. பழையது வேறு, பலிப்பது வேறு. பழையது என்று நிரூபிக்கப் புத்தகம் போதும். பலிக்குமா என்று அறியப் புண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

வெங்காயமும் பாதி முகமும்

பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பது? "என் மாமனுக்கு ஆறியது" என்பது சோதனை ஆகாது. சின்ன வெட்டுக்காயம் ஒன்றும் வைக்காவிட்டாலும் பெரும்பாலும் ஆறத்தான் செய்யும். ஆறியது மருந்தாலா, உடம்பாலா?

பிரான்சு நாட்டில் அம்புரோஸ் பாரே என்றொருவர் இருந்தார். பெரிய வைத்தியப் பட்டம் பெற்றவர் அல்ல. சவரத் தொழிலோடு ரண சிகிச்சையும் செய்தவர். 1537-இல் இத்தாலியில் நடந்த போரில் சேனையோடு போனார். துப்பாக்கிக் காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்ற வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்களின் சாஸ்திரம். ஒரு நாள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி முட்டைக் கருவும் ரோஜா எண்ணெயும் டர்ப்பன்டைனும் கலந்து மீதிப் பேருக்குப் போட்டார். ராத்திரி முழுவதும் தூக்கமில்லை, அவர்கள் செத்திருப்பார்கள் என்ற பயம். விடிந்து போய்ப் பார்த்தால், எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வலியிலும் துடிக்கிறார்கள்; கலவை போட்டவர்கள் ஓரளவு தூங்கியிருக்கிறார்கள்!

அதே போர்க்காலத்தில் சமையற்கட்டுப் பையன் ஒருவன் கொதிக்கும் எண்ணெயில் விழுந்துவிட்டான். மருந்து வாங்கப் போன பாரேயிடம் ஒரு கிராமத்துக் கிழவி, வெங்காயத்தை உப்போடு நசுக்கிப் போடச் சொன்னாள். போட்டார். போட்ட இடத்தில் கொப்புளம் எழவில்லை. போடாத இடத்தில் எழுந்தது. அவர் அதோடு விடவில்லை. வெடிமருந்து பட்டு முகம் வெந்த ஒரு காவல் வீரன் வந்தபோது, முகத்தில் ஒரு பகுதிக்கு வெங்காயமும் மீதிக்கு வழக்கமான மருந்தும் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

இன்றைக்குப் பெரிய பரிசோதனைச் சாலைகளில் நடப்பதன் உயிர்நாடி இதுதான்: ஒன்றுக்குப் போடு, ஒன்றுக்குப் போடாதே, இரண்டையும் எண்ணு. நாட்டு வைத்தியத்தைச் சொன்னவள் பெயர் தெரியாத கிழவி. சோதித்தவர் சவரத் தொழிலாளி. பெரிய படிப்புக்காரர்கள் அப்போது லத்தீன் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். (வெங்காயம் நல்ல மருந்து என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போய் வெந்த கையில் வெங்காயமும் உப்பும் வைத்துவிடாதீர்கள்!)

தோல் ஆராய்ச்சிச் சாலையில் மஞ்சளுக்கு என்ன வேலை?

இப்போது நம் சென்னைக்கே வருவோம். அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948-இல் ஏற்பட்டது. மஞ்சள் வழக்கை நடத்திய அதே சி.எஸ்.ஐ.ஆரின் கிளை. செருப்புத் தோலும் பெட்டித் தோலும் ஆராயும் இடத்தில் புண்ணுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். செத்த மாட்டின் தோலும் உயிருள்ள மனிதனின் தோலும் அடிப்படையில் ஒரே சரக்கால் ஆனவை. கொலாஜன் என்று அதற்குப் பெயர். எலும்பில், நரம்பில், தசைநாரில், தோலில் எல்லாம் இந்த நார்தான். காயம் ஆறுகிறது என்றால், வெட்டுப்பட்ட இடத்தில் உடம்பு இந்த நாரைப் புதிதாக நூற்று நெய்கிறது என்று அர்த்தம். புண் ஆறுவதும் ஒரு நெசவு வேலைதான், தோழர்களே!

அந்த நாரின் அமைப்பைக் கண்டுபிடித்ததும் நம் சென்னையில்தான். லண்டனிலிருந்து பெர்னால் என்ற விஞ்ஞானி சென்னை சர்வகலாசாலைக்கு வந்திருந்தார். அவர் பேர்பெற்ற பௌதிக விஞ்ஞானி, வெளிப்படையான மார்க்சிஸ்ட். கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று இங்கிருந்த இளம் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரனிடம் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கங்காருவின் வால் நரம்பு கிடைத்தது. எக்ஸ்ரே கதிரைச் செலுத்திப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் உலகுக்குச் சொன்னார்: கொலாஜன் என்பது மூன்று புரி முறுக்கிய கயிறு! காசிமேட்டில் வலைக்கயிறு முறுக்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரு புரி மட்டும் இருந்தால் அறும். மூன்றும் முறுக்கிக்கொண்டால் தாங்கும்.

இந்தக் கயிறு முறுக்க உடம்புக்கு சி வைட்டமின் வேண்டும். அது இல்லாவிட்டால் புரி பிரிந்து, ஆறிய புண்ணே மறுபடி வாய் திறக்கும். அந்தக் காலத்துக் கப்பல் தொழிலாளிகள் மாதக்கணக்கில் காய்கறி காணாமல் அப்படித்தான் மாண்டார்கள். நெல்லிக்காயும் எலுமிச்சையும் கொய்யாவும் வைத்தியமாவது இதனால்தான்.

அடையாற்று விஞ்ஞானிகள் நாட்டு மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். 1990-களில் தேனையும் வல்லாரையையும், 2002-இல் கடுக்காய் மரத்தின் இலையையும் சோதித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். மஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்ற பொருளைப் பிரித்து, கொலாஜனால் ஆன மெல்லிய ஏட்டில் ஏற்றிப் புண்ணில் ஒட்டிப் பார்த்து 2004-இல் எழுதினார்கள்.

சோதனை நடப்பது எலியின் முதுகில். மயக்கம் கொடுத்து, மயிரை மழித்து, ஒரே அளவில் தோலை வெட்டுவார்கள். ஒரு கூட்டம் எலிக்கு மருந்து உண்டு, மற்றொரு கூட்டத்துக்கு இல்லை. சில நாளுக்கொரு முறை கண்ணாடித் தாளை வைத்துப் புண்ணின் ஓரத்தை வரைந்து, எத்தனை சதுர மில்லிமீட்டர் சுருங்கியது என்று கணக்கெடுப்பார்கள். இன்னொரு சோதனை மில் தொழிலாளிக்கு நன்றாகப் புரியும். மில்லில் நூல் சிட்டத்தை இயந்திரத்தில் மாட்டி அறும்வரை இழுத்து, எவ்வளவு பலம் தாங்கியது என்று பார்ப்பதில்லையா? அதேபோல ஆறிய தழும்பை இழுத்துப் பார்ப்பார்கள். மேலே மூடியிருந்தால் போதாது. உள்ளே நெய்த நெசவு பலமாக இருக்கிறதா என்பதே கேள்வி. கடுக்காய் இலைச் சாறு போட்ட எலிகளின் தழும்பு, போடாததைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடுதலாகத் தாங்கியது. கடுக்காய் நமக்குப் புதிதா? மாதவரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்ட தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாகக் கடுக்காய்த் தண்ணீரில் கை நனைத்தவர்கள். அந்தத் துவர்ப்புத்தான் தோலை இறுக்குவது என்று அவர்களுக்குத் தெரியும்.

குர்குமின் ஏடு ஒட்டிய புண்ணும் மற்றதைவிட விரைவாகச் சுருங்கியது. அப்படியானால் மஞ்சள் ஜெயித்துவிட்டதா? பொறுங்கள்.

எலிக்கு ஆறியது என்பதால் மனிதனுக்கும் அப்படியே ஆறும் என்று ஆகாது. எலியின் தோல் தளர்ந்த சட்டை போன்றது. வெட்டினால் ஓரங்கள் தாமே இழுத்துக்கொண்டு மூடும். நமக்கு அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து, அதன் மேல் தோல் ஊர்ந்து வர வேண்டும். அடுத்தபடி, அங்கே வைத்தது சுத்தப்படுத்திய குர்குமின், அளந்த அளவு, கிருமி நீக்கிய ஏடு. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பது எங்கேயோ அரைத்து, எத்தனையோ கை மாறி, ஈரக் கரண்டி பட்ட தூள். நல்ல நிறம் காட்டக் காரீயக் குரோமேட் என்ற சாயத்தை மஞ்சளில் பூசும் கொள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். வங்கதேசத்தில் அது பிடிபட்டு 2019-இல் ஆராய்ச்சியாகவே வெளிவந்தது. காரீயம் விஷம், குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. குர்குமினை மாத்திரையாக உள்ளுக்குக் கொடுத்து மனிதரிடம் நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகள் நடந்திருக்கின்றன. 2017-இல் அமெரிக்க இரசாயன விஞ்ஞானிகள் அவற்றைப் புரட்டிப் பார்த்து, டாக்டருக்கும் நோயாளிக்கும் எது மருந்து என்று தெரியாமல் நடத்திய கடுமையான சோதனை ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். மஞ்சள் மாத்திரையை ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறவர்கள் இதை விளம்பரத்தில் போடுவதில்லை.

வெட்டுக்காயப் பூண்டின் கதை இன்னும் ருசியானது. நம் கிராமத்துச் சொத்து என்று நினைக்கிறோம். அந்தப் பூண்டின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசம்! கப்பல்கள் ஓடத் தொடங்கிய பிறகு இங்கு வந்து, வரப்பிலும் தண்டவாள ஓரத்திலும் பரவிய களை. வந்த சில நூற்றாண்டில் நம் விவசாயத் தொழிலாளிகளே அதைக் கசக்கிப் பார்த்து, ரத்தம் நிற்கிறது என்று கண்டு, தமிழில் பெயரும் வைத்துவிட்டார்கள். 1980-களில் நம் நாட்டு விஞ்ஞானிகள் அதை எலிகளில் சோதித்தபோது, ஸ்டீராய்டு மருந்தால் தாமதப்பட்ட புண்ணில் தோல் மூடுவதையும் தழும்பின் பலத்தையும் அது மீட்டது. சதை வளர்வதில் உதவவில்லை. பாதி உதவி, பாதி இல்லை. இப்படி நறுக்குத் தெறித்தாற்போல் பிரித்துச் சொல்வதே சோதனையின் பயன்.

சோலாப்பூர்த் தேனும் பம்பாய் வாழையிலையும்

மனிதரிடமே சோதித்தவையும் உண்டு. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் ஒரு பஞ்சாலை நகரம். அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுப்பிரமணியம் 104 தீப்புண் நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குத் தேன், மறு கூட்டத்துக்கு ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகப் போடும் வெள்ளிக் களிம்பு. 1991-இல் முடிவை வெளியிட்டார். பதினைந்து நாளுக்குள் ஆறியவை தேன் கூட்டத்தில் நூற்றுக்கு 87. களிம்புக் கூட்டத்தில் நூற்றுக்கு 10. இது மிகப் பெரிய வித்தியாசம். அதனால் உலகத்தில் பலரும் திரும்பச் சோதித்தார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்கள் 2015-இல் சொன்ன கணக்கு அடக்கமானது: மேல்தோலும் அதன் கீழ்ப்பகுதியும் வெந்த தீப்புண், வழக்கமான கட்டுகளைவிடத் தேன் போட்டால் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகிறது. காலில் நரம்பு புடைத்து வரும் ஆறாப் புண்ணுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை.

நான்கைந்து நாள் என்றால் சின்ன விஷயமா? தினக்கூலிக்காரனுக்கு அது நான்கைந்து நாள் கூலி.

தேன் வேலை செய்வதன் காரணமும் தெரிந்ததே. அதன் சர்க்கரை கிருமியின் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சிவிடுகிறது, ஊறுகாயில் உப்பு செய்வதைப்போல. அதில் புளிப்பும் உண்டு. தேனீ சேர்த்த ஒரு நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஆனால் ஆஸ்பத்திரித் தேன் கதிரால் கிருமி நீக்கியது. கடையில் வெல்லப்பாகு கலந்து விற்பது அல்ல. நியூசிலாந்துத் தேனைக் கட்டுத்துணியில் ஏற்றிய பண்டத்துக்கு 2007-இல் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. அது நல்ல விலைக்குப் போகிறது. நம் மலையில் தேன் எடுக்கும் பழங்குடி மக்களின் தேனைச் சுத்தப்படுத்தி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணியாகக் கொடுக்க முடியாதா? இது விஞ்ஞானக் கேள்வி அல்ல, சர்க்காரைக் கேட்க வேண்டிய கேள்வி.

பம்பாயில் டாக்டர்கள் இன்னும் மலிவானதைத் தேடினார்கள். 1985-இல் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டுத்துணியில் ஒட்டித் தீப்புண்ணுக்குக் கட்டினார்கள். 2003-இல் அதே நகரத்து டாக்டர்கள் நீராவியில் கிருமி நீக்கிய வாழையிலையை அதோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் சமமாக ஆற்றின. வாழையிலை 11 மடங்கு மலிவு! வாழையிலை மாயம் ஒன்றும் செய்யவில்லை. அது புண்ணில் ஒட்டுவதில்லை, அவ்வளவுதான். ஒட்டிய துணியைப் பிய்க்கும்போது புதுத் தோலும் கூடவே வரும் வேதனை தீப்புண் பட்டவருக்குத்தான் தெரியும்.

எது கொல்லும்?

சோதனையில் தோற்றவற்றையும் சொல்லியாக வேண்டும். சாணம், மண், சிலந்திக் கூடு, தெருப்புழுதி படிந்த இலை ஆகியவற்றைக் காயத்தில் வைக்கவே கூடாது. மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி வித்தாகக் கிடக்கிறது. ஆழமான முள் காயம், ஆணிக் காயம் மேலே மூடிக்கொண்டால் காற்றில்லாத உள்ளிடத்தில் அது முளைத்து விஷம் கக்கும். தாடை இறுகும், உடம்பு வில்லாய் வளையும். மஞ்சள் அதை நிறுத்தாது, தேன் நிறுத்தாது. தடுப்பூசி ஒன்றே நிறுத்தும். பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணமும் சாம்பலும் வைத்து எத்தனை பச்சைக் குழந்தைகளை இழந்தோம்! தாய்க்குத் தடுப்பூசி, சுத்தமான பிளேடு, ஆஸ்பத்திரிப் பிரசவம் என்று வந்த பிறகு, 2015-இல் இந்தியாவில் அந்த நோய் ஒழிந்த நிலையை எட்டியதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

சுண்ணாம்பு சதையைச் சுடும். புகையிலையும் கிரீஸும் மண்ணெண்ணெயும் அழுக்கைக் காயத்துக்குள் பூட்டும். குப்பைமேனியைச் சொறிக்குத் தடவுகிறோம். அதையே உணவாக உட்கொண்ட சிலருக்கு ரத்த அணுக்கள் உடைந்து ஆஸ்பத்திரிக்கு வந்த சம்பவங்களை இலங்கை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறவியிலேயே ஒரு நொதி குறைந்தவர்களுக்கு அது ஆபத்து.

சர்க்கரை வியாதிக்காரரின் கால் தனிக்கதை. பக்கத்து ராயபுரத்திலேயே சர்க்கரை வியாதிக்கென்று 1954-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கும் ஸ்டான்லியிலும் போய்ப் பார்த்தால், கால் விரலை இழந்தவர்கள், பாதத்தை இழந்தவர்கள். சர்க்கரையால் காலில் உணர்ச்சி போய்விடுகிறது. முள் குத்தினால் தெரிவதில்லை, செருப்பு கடித்தால் தெரிவதில்லை. தெரியும்போது சீழ். வலி இல்லை என்பதால் இலை கட்டிக்கொண்டு பத்து நாள் காத்திருக்கிறார்கள். வலி இல்லாத புண்ணே பெரிய ஆபத்து. அத்தகைய புண்ணுக்கு முதல் நாளே டாக்டர்.

மேஸ்திரியின் மஞ்சள்

கடைசியாக ஒன்று. பட்டறையில் விரல் நசுங்குகிறது. மேஸ்திரி ஓடி வருகிறார். "ஒண்ணும் இல்லப்பா, மஞ்சளை அப்பிக் கட்டு. டீ குடிச்சிட்டு வா, ஷிப்ட் முடிஞ்சி பாத்துக்கலாம்!" இந்தக் குரல் உங்களில் பலருக்குத் தெரியும். அவர் ஏன் இவ்வளவு நாட்டு வைத்தியப் பிரியராக இருக்கிறார்? ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் இ.எஸ்.ஐ. வரும், நஷ்டஈடு வரும், பல்சக்கரத்துக்கு மூடி ஏன் இல்லை என்ற கேள்வி வரும். மஞ்சள் வைத்துக் கட்டினால் ஒன்றும் வராது! கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தால் அடுத்த நாள் பெயரே இருக்காது. ஆறு மாதம் கழித்து விரல் மடங்கவில்லை என்று போய் நின்றால், "எங்கே பட்ட காயம்? சாட்சி என்ன?" என்பார்கள். அமெரிக்க பேடெண்ட் அலுவலகம் கேட்டதும் காகிதம்தான், இவர்கள் கேட்பதும் காகிதம்தான்!

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 45-ஆம் பிரிவில் 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வைக்க வேண்டும் என்றும், 500 பேருக்கு மேல் இருந்தால் தனி அறையும் ஆளும் வேண்டும் என்றும் விதித்தது. அது இனாமாகக் கிடைத்ததல்ல. பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது, சாவி யார் கையில், உள்ளே மருந்து இருக்கிறதா, தீக்குச்சி டப்பா இருக்கிறதா என்று நாளைக் காலை ஷிப்டிலேயே பாருங்கள். வயல் வேலைக்காரருக்கு இந்தப் பெட்டியும் கிடையாது. நடவு, அறுப்புக் காலத்தில் ஊராட்சியிடம் கேட்டு வாங்க வேண்டியதில் இதுவும் ஒன்று.

வெட்டுக்காயம் என்றால் ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், சோப்பு சுற்றிலும் படட்டும். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். இடையிடையே எடுத்துப் பார்த்தால் கட்டிய ரத்தம் கலையும். தீப்புண்ணுக்குச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம். ஐஸ் வேண்டாம், மாவு வேண்டாம், பற்பசை வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஆழமான காயம், ஆணி, முள், மண் பட்ட காயம் எதுவானாலும் டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று நர்ஸிடம் சொல்லுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் படர்ந்தால், நாற்றம் வந்தால், காய்ச்சல் வந்தால் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்க வேண்டாம். ஆறும் நாட்களில் பருப்பும் முட்டையும் மீனும் கீரையும் நெல்லிக்காயும் வேண்டும், நெசவுக்கு நூல் வேண்டுமே! வேலையில் பட்ட காயமானால், பதிவேட்டில் தேதி, நேரம், மிஷின், பக்கத்தில் நின்ற இரண்டு தோழர்களின் பெயர் எழுதாமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.

மேடையில் ஒரு முதலுதவிப் பெட்டி கொண்டுவந்திருக்கிறோம். தாய்மார்கள் முன்னால் வரட்டும். விரலுக்கு எப்படிக் கட்டுவது, முழங்கைக்கு எப்படிக் கட்டுவது என்று இப்போது செய்து காட்டுகிறோம். கேள்விகளை அதன் பிறகு எடுத்துக்கொள்வோம்.